பன்னிரண்டு பாக்கெட் கடலைமிட்டாய்: அம்மாவோடு ஜப்பானில் ஒன்பது நாள்

நவம்பர் 15, 2024, வெள்ளி: நரிதா விமான நிலையம், டோக்கியோவின் அசாகுசா

எங்கே போகலாம் என்று கேட்டபோது அம்மா காசி என்றோ ராமேஸ்வரம் என்றோ சொல்லவில்லை. ஜப்பான் என்றாள். காரணம் அப்பாவின் எச்.எம்.டி. வாட்ச். அதற்குச் சாவி கொடுக்கும்போதெல்லாம் "ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்த வேலை" என்பார் அப்பா. உண்மைதான். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கைகொடுத்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. வாட்ச் இப்போது அம்மாவின் கையில். பட்டையில் இரண்டு துளை கூடுதலாகப் போட்டிருக்கிறாள். தினமும் காலையில் காபிக்கு முன்னால் சாவி கொடுக்கிறாள்.

எங்கள் பெட்டியில் பாதிக்கு மேல் சாப்பாட்டுச் சாமான்தான். வறுத்த ரவை, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், குட்டி ரைஸ் குக்கர் ஒன்று. அதோடு பன்னிரண்டு பாக்கெட் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். "யாருக்கும்மா இவ்வளவு?" என்றேன். "தெரியாத ஊருக்கு வெறுங்கையோடவா போவாக?" என்றாள்.

வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் மாத்திரை கொண்டுபோவதானால் ஜப்பானில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில சளி, இருமல் மருந்துகளுக்கு அங்கே தடையோ கட்டுப்பாடோ உண்டு. நான் அம்மாவின் பிரஷர் மாத்திரையை மட்டும் டாக்டர் சீட்டோடு எடுத்துக்கொண்டேன்.

ரைஸ் குக்கர் முதல் இரவே கைவிட்டது. அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் குக்கர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. பிளக்கில் செருக அடாப்டர் வாங்கியிருந்தேனே தவிர, வோல்ட்டை நினைக்கவில்லை. விளக்கு எரிகிறது, தண்ணீர் வெதுவெதுப்பாகிறது, அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் அரிசி ஊறியிருந்தது, வேகவில்லை. விடுதி அறையில் இருந்த கெட்டிலில் வெந்நீர் போட்டு ரவையில் ஊற்றிக் கிளறிச் சாப்பிட்டோம். அறை அவ்வளவு சின்னது. ஒருவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்தால்தான் இன்னொருவர் பெட்டியைத் திறக்க முடிகிறது.

நவம்பர் 16, சனி: அசாகுசா

சென்சோஜி கோயில் விடுதியிலிருந்து நடக்கிற தூரம். பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் வாசல், உள்ளே போகும் வழி நெடுகக் கடைகள், தள்ளுமுள்ளு இல்லாத பெரும் கூட்டம். ஆனால் அம்மாவின் மனசு நின்ற இடம் அது இல்லை. அங்கிருந்து பத்து நிமிஷம் சுமிதா ஆற்றை ஒட்டி நடந்தால் ஒரு சின்ன மேட்டில் மட்சுச்சியாமா ஷோதென் என்ற கோயில் இருக்கிறது. படி ஏற முடியாதவர்களுக்குப் பக்கவாட்டில் குட்டி ரயில் பெட்டி ஒன்று ஓடுகிறது, காசு இல்லை. அங்கே இருக்கும் தெய்வம் கங்கிதென். நம் பிள்ளையார்தான், பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாக ஜப்பானுக்குப் போனவர். சிலையைக் காட்டமாட்டார்கள். எப்போதும் மறைத்தே வைத்திருப்பார்கள்.

இந்தப் பிள்ளையாருக்குப் படைப்பது முள்ளங்கி. கைமுட்டியிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளும் வெள்ளை முள்ளங்கி, அங்கேயே விற்கிறார்கள். சன்னதி முன்னால் வரிசையாக அடுக்கியிருக்கிறது. தூண், விளக்கு, படிக்கட்டு என்று எங்கே பார்த்தாலும் இரட்டை முள்ளங்கிச் சின்னம். அம்மா ஒரு முள்ளங்கி வாங்கி வைத்தாள். தலையில் மூன்று முறை குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தாள். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த கோட்டுப் போட்ட ஒருவர் அவள் எழுந்திருக்கும்வரை நகராமல் காத்திருந்தார். படைத்த முள்ளங்கிகளைப் பிறகு பிரசாதமாக எடுத்துப்போகச் சொல்கிறார்கள். எங்களுக்கும் ஒன்று கிடைத்தது.

மதியம்தான் சங்கடம். ஒரு கடையில் காய்கறிப் படம் போட்ட உடோன் (சூப்பில் போட்ட தடித்த கோதுமை நூடுல்ஸ்) வாங்கினோம். கிண்ணத்தில் காளான், கீரை, வெங்காயத்தாள் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "மீன் வாடை அடிக்கி" என்றாள். அதுதான் தாஷி. உலர்த்திய மீனைச் சீவிப் போட்டு எடுக்கும் சாறு. சூப், சாஸ், கீரைக்கு ஊற்றுவது, வெந்த முட்டைக்கோசு என்று எல்லாவற்றிலும் அது கலந்திருக்கும். ஜப்பானில் பலருக்கு அது மீன் கணக்கிலேயே வராது, நமக்குப் பெருங்காயம் மாதிரி. ஆகவே "சைவம்" என்று சொன்னால் மட்டும் போதாது. "நிகு (இறைச்சி), சகனா (மீன்), தாஷி, மூன்றும் வேண்டாம்" என்று தாஷியைப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். இதை ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கடைக்காரருக்கு விஷயம் புரிந்ததும் முகம் மாறிவிட்டது. அடுப்படியிலிருந்து வெளியே வந்து அம்மாவின் முன்னால் இடுப்புவரை குனிந்தார். காசு வேண்டாம் என்றார். தப்பு எங்களுடையது, கேட்காமல் வாங்கியது நாங்கள்தான். நான் பணத்தைத் தட்டில் வைத்தேன். அங்கே காசை யார் கையிலும் கொடுப்பதில்லை, கல்லாப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தட்டில்தான் வைக்க வேண்டும். அவர் தட்டைத் திருப்பித் தள்ளினார். கடைசியில் பாதி எடுத்துக்கொண்டார். அம்மா வாசலில் நின்று பையைத் துழாவி ஒரு கடலைமிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ராத்திரிக்கு விடுதி அறையில் பிள்ளையார் முள்ளங்கியைச் சீவி உப்புத் தொட்டுக்கொண்டோம். காரமே இல்லை, இனிப்பாக இருந்தது. கூடவே மூலைக்கடையில் வாங்கிய வெறும் உப்புப் போட்ட சோற்று உருண்டை, தயிர், வாழைப்பழம். ஆளுக்கு ஐந்நூறு யென் ஆயிற்று. 2024 நவம்பரில் நூறு யென் நம் காசுக்கு ஏறக்குறைய 55 ரூபாய்.

நவம்பர் 17, ஞாயிறு: மெய்ஜி ஜிங்கு கோயில், அப்புறம் குளியல்

நவம்பர் 15ஐ ஒட்டி ஷிச்சி-கோ-சான் என்று ஒரு விசேஷம். மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளுக்குக் கிமோனோ உடுத்திக் கோயிலுக்குக் கூட்டிவருகிறார்கள். கையில் நீளமாக ஒரு காகிதப் பை இருக்கும். உள்ளே வெள்ளையும் சிவப்புமாக நீள நீளமான மிட்டாய், ஆயுசு நீள வேண்டுமென்று. பொடிக்கல் பாதையில் ஒரு மூன்று வயசுப் பெண் செருப்புக் கடிக்கிறதென்று உட்கார்ந்துவிட்டாள். அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கடலைமிட்டாயை எடுக்கப்போனாள். நான் கையைப் பிடித்தேன். நிலக்கடலை ஒவ்வாத குழந்தைகள் உண்டு. குழந்தையின் அப்பாவிடம் பாக்கெட்டைக் காட்டி "ராக்காசெய்" என்றேன். கடலைக்கு அங்கே அதுதான் பேர். அவர் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். அந்நிய ஊரில் குழந்தைக்கு எதையும் நீட்டுமுன் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவது நல்லது.

கல்லிலும் படியிலும் நாளெல்லாம் நடந்ததில் அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. விடுதியில் இருந்த பெண், இரண்டு தெரு தள்ளி இருக்கும் சென்தோவுக்குப் போகச் சொன்னாள். தெருவாசிகளுக்கான பொதுக் குளியலறை. டோக்கியோவில் 2024இல் பெரியவர்களுக்கு 550 யென். வாசலில் துணித்திரை தொங்குகிறது, பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்கு நீலம். உள்ளே துணி கிடையாது. யாருக்குமே.

அம்மா துணி மாற்றும் இடத்தில் சேலையோடு பதினைந்து நிமிஷம் நின்றாள். "குத்தாலத்துல குளிச்சா சேலையோட குளிப்போம்" என்றாள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து எண்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பாட்டி வந்தார். எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மர ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டார். எங்களுக்காகத்தான் திரும்பினார் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்மா சேலையை அவிழ்த்து மடித்துக் கூடையில் வைத்தாள்.

முறை இதுதான். முதலில் வரிசையாக இருக்கும் குழாய்களில் ஒன்றின் முன்னால் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட வேண்டும். உடம்பில் நுரை ஒட்டியிருக்கக்கூடாது. அப்புறம்தான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும், அழுக்குத் தேய்ப்பதற்கு இல்லை. கையிலிருக்கும் சின்னத் துண்டும் தண்ணீரில் படக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். முடியை உயர்த்திக் கட்டிவிட வேண்டும். பச்சை குத்தியவர்களைச் சில இடங்களில் விடமாட்டார்கள், முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நான் அம்மாவின் முதுகைத் தேய்த்துவிட்டேன். அவள்தான் எனக்குத் தேய்த்திருக்கிறாள், நான் அவளுக்குத் தேய்த்ததாக நினைவே இல்லை. தோள்பட்டைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. "இது எப்ப?" என்று கேட்டேன். "தீப்பெட்டி ஆபீசுல, நீ பொறக்கதுக்கு முன்ன" என்றாள். முப்பத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரியாத ஒன்று. எதிர்ச் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஃபூஜி மலையைத் தீட்டியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்தபடி கழுத்துவரை முங்கி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நாம் தாங்குவதைவிடச் சூடு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து கரையில் உட்கார வேண்டும்.

வெளியே வந்ததும் அந்தப் பாட்டிக்கு ஒரு பாக்கெட். அவர் தன் பைக்குள் கைவிட்டு நான்கு கமலா ஆரஞ்சை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். வாங்கினால் பதிலுக்குக் கொடுக்கிற அந்த வழக்கத்துக்கு ஓகாஎஷி என்று பேர். அம்மாவுக்குப் பேர் தெரியவில்லை, விஷயம் தெரிந்தது. "நம்ம ஊரு மாதிரிதான்ட்டி. பாத்திரத்தைச் சும்மா திருப்பிக் குடுக்கமாட்டாக" என்றாள்.

நவம்பர் 18, திங்கள்: கின்ஸா லைன்

இன்று எழுதும்போதும் கை நடுங்குகிறது. ஷிபுயாவில் வாட்ச் பட்டையின் ஊசி கழன்றுவிட்டது. அம்மா வாட்சை மஞ்சப்பைக்குள் போட்டாள். ஏதோ கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த பை, மாத்திரையும் அதில்தான். கின்ஸா லைன் சுரங்க ரயிலில் ஏறி உயேனோவில் இறங்கினோம். ரயில் கதவு மூடிய பிறகு அம்மா தன் கையைப் பார்த்தாள். பை இல்லை.

நிலைய அலுவலரிடம் ஓடினோம். மொழிபெயர்க்கும் கருவியைப் போனிலிருந்து எடுக்கக்கூட எனக்கு விரல் வரவில்லை. அவர் கேட்டது முதலில் பையைப் பற்றி இல்லை. எந்த நேர ரயில், எத்தனையாவது பெட்டி, எத்தனையாவது கதவு. ஷிபுயாவில் அம்மாவை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்திருந்தேன். அவள் காலடியில் தரையில் பெட்டி எண்ணும் கதவு எண்ணும் தெரிந்தன. அதைக் காட்டினேன். "என்ன நிறம்?" மஞ்சள். அவர் போனில் "கிரோய், கிரோய்" என்று இரண்டு முறை சொன்னது காதில் இருக்கிறது. அம்மா நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

உயேனோவுக்கு அடுத்து மூன்றாவது நிறுத்தம் அசாகுசா, அதோடு வழித்தடம் முடிகிறது. ஆசியாவின் முதல் சுரங்க ரயில் 1927 டிசம்பரில் ஓடியது இதே உயேனோ–அசாகுசா துண்டில்தான். பன்னிரண்டு நிமிஷம் கழித்துப் போன் அடித்தது. அசாகுசாவில் பை இருக்கிறது.

அங்கே போனால் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு இளைஞர் பையை மேஜையில் வைத்துக் காத்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று என்னைச் சொல்லச் சொன்னார். வாட்ச், மாத்திரை, மிட்டாய், விபூதிப் பொட்டலம். ஒவ்வொன்றாக எடுத்து, எங்களுக்கு நேராகத் திருப்பி வைத்தார். பாஸ்போர்ட் பார்த்தார், படிவத்தில் கையெழுத்து வாங்கினார். வாட்சை மட்டும் ஒரு மெல்லிய காகிதத்தில் தனியாகச் சுற்றி வைத்திருந்தார், கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க. அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கடலைமிட்டாயை நீட்டினாள். அவர் பதறிப்போய்க் கையை விலக்கினார். பணியில் இருக்கும்போது எதுவும் வாங்கக்கூடாது என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். திரும்பத் திரும்பக் குனிந்தார்.

அம்மாவுக்கு அது பெரிய குறை. "வாங்கிட்டுச் சும்மா வந்துட்டமே" என்று ராத்திரி தூங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வேறொரு எண்ணம். இனி ரயிலில் ஏறும்போதெல்லாம் தரையில் இருக்கும் அந்த எண்ணை ஒரு போட்டோ எடுத்துவிடுவேன்.

நவம்பர் 19, செவ்வாய்: கியோட்டோவுக்கு

பெரிய பெட்டியை நேற்றே விடுதியிலிருந்து கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிட்டோம். தக்யூபின் என்ற இந்தச் சேவைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் யென். கேட்டால் அதிகமாகத் தெரியும். ஆனால் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டிக்கு ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயிலில் தனி இருக்கை பதிய வேண்டும். நிலையத்தின் படிக்கட்டுகளை நினைத்தால் அந்த இரண்டாயிரம் ஒன்றுமே இல்லை.

ஊர் ஊராகச் சுற்றாதவர்கள் ரயில் பாஸ் வாங்க வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. டோக்கியோ–கியோட்டோ ஒரு வழிக்குப் பதினான்காயிரத்துச் சொச்சம்தான்.

கியோட்டோ போகும்போது வலது பக்க ஜன்னலில், E எழுத்துப் போட்ட இருக்கையில் உட்கார வேண்டும். கிளம்பி முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி வந்தது. இந்த வருஷம் அதன் உச்சியில் முதல் பனி விழுந்தது நவம்பர் 7ஆம் தேதிதான். 130 ஆண்டுப் பதிவில் இவ்வளவு தாமதம் இதற்கு முன் இல்லை. குளியலறைச் சுவரில் பார்த்த வெள்ளைத் தொப்பி இன்னும் முழுசாகப் போடவில்லை. அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் வரிசைக்கு அந்தப் பக்கம் லேப்டாப்பில் மூழ்கியிருந்த ஒருவர் அம்மாவைப் பார்த்துவிட்டு, தானும் தலையை நீட்டி மலையைப் பார்த்தார்.

நவம்பர் 20, புதன்: கியோட்டோ

கூட்டம். ஃபுஷிமி இனாரிக்குக் காலை ஆறே முக்காலுக்குப் போய்விட்டதால் ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது. எந்நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. இனாரி நெல்லுக்கான தெய்வம், நரி அதன் தூதர். மலை ஏற ஏற ஆயிரக்கணக்கான சிவப்பு வாசல்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒரு வியாபாரியோ பக்தரோ காணிக்கையாகக் கொடுத்தது. ஏறும்போது வெறும் சிவப்புதான் தெரியும், இறங்கும்போது பார்த்தால் கொடுத்தவர் பேரும் தேதியும் செதுக்கியிருக்கும். "நம்ம கோயில் டியூப் லைட்டுல எழுதுவாகள்ல, அது மாதிரி" என்றாள் அம்மா.

மற்ற இடங்களைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. பஸ்ஸில் பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்கும்போது 230 யென் கொடுக்க வேண்டும், ஆனால் ஏறவே முடியவில்லை. மேப்பிள் இலை இந்த வருஷம் இன்னும் முழுதாகச் சிவக்கவில்லை. கியோன் தெருவில் தனியார் சந்துகளுக்குள் போகாதீர்கள், படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஆடல் பாடல் கலைஞரான ஒரு கெய்கோவைத் துரத்திக்கொண்டு நான்கு பேர் போனோடு ஓடினார்கள். வேலைக்குப் போகிற பெண் அவர். வீட்டுக்கு வந்த விருந்தாளி அடுப்படிவரை நுழைகிற மாதிரி இருந்தது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 21, வியாழன்: கோயாசான்

நாங்கள் தங்கப்போகும் மலைக்கோயிலில் நாலு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். இடையில் ஹாஷிமோதோவில் மாற வேண்டிய ரயிலைத் தவறவிட்டோம். கேபிள் கார் ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து பத்து, முழு இருட்டு, கடுங்குளிர். பஸ் நிறுத்தத்தில் டார்ச் லைட்டோடு ஒரு இளம் பிக்கு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவர் சொல்லவில்லை. அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கோயாசான் மலை 816இல் கூகாய் என்ற துறவிக்குக் கிடைத்தது. சீனாவுக்குப் போய் மந்திர மார்க்க பௌத்தமும் சமஸ்கிருதமும் கற்று வந்தவர். மலைமேல் கோயில்களே ஒரு ஊராக இருக்கின்றன, பல கோயில்களில் தங்கலாம். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு எங்களுக்கு ஆளுக்கு 16,500 யென். கோரைப்பாய் அறை, மண்ணெண்ணெய் அடுப்பு வாடை, நடுவில் கொதாட்சு என்ற குட்டை மேஜை. மேஜைக்கு அடியில் சூடு, மேலே கனத்த போர்வை. அதற்குள் காலை நீட்டியதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள்.

சாப்பாடு காலுள்ள அரக்குத் தட்டுகளில் வந்தது. இறைச்சி, மீன் கிடையாது, வெங்காயம், பூண்டும் கிடையாது. சாறுகூடக் கடற்பாசியிலும் காளானிலும் எடுத்தது. பிக்கு மண்டியிட்டு ஒவ்வொரு கிண்ணமாகக் காட்டி "மீன் இல்லை, மீன் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். உறையவைத்து உலர்த்திய டோஃபு, பஞ்சு மாதிரி சாறு குடித்திருந்தது. அப்புறம் ஒரு சின்னச் சதுரம், சாம்பல் வெள்ளையில், தொட்டால் ஆடியது. அம்மா ஒரு துண்டு வாயில் வைத்ததும் சொன்னாள்: "எள்ளு." சரிதான். கோமா-தோஃபு. பேரில்தான் டோஃபு, சோயா இல்லை. எள்ளை அரைத்து, குட்சு என்ற கொடிக்கிழங்கின் மாவில் கிண்டியது. ஆறு நாளுக்கு அப்புறம் அம்மா கேள்வி கேட்காமல் சாப்பிட்டாள். சோறு இரண்டு முறை வாங்கினாள்.

நவம்பர் 22, வெள்ளி: ஒகுனோயின்

காலை ஆறு மணிக்குப் பூஜை. ஜன்னலில் பனித்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிக்குகள் ஓதத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அம்மா என் கையைத் தட்டினாள். "ஒன் அபோக்யா பெய்ரோஷனோ… மணி ஹந்தோமா…" ஒன் என்பது ஓம். ஹந்தோமா, பத்மம். சமஸ்கிருதம் சீனா வழியாக வந்து ஜப்பானிய நாக்கில் ஆயிரத்து இருநூறு வருஷம் புரண்ட சத்தம். அடுத்த மண்டபத்தில் தீ வளர்த்தார்கள். அதற்குப் பேர் கோமா, நம் ஹோமம்தான். வேண்டுதலை எழுதிய மரக்குச்சிகளைப் போடப் போட நெருப்பு விதானத்தைத் தொடுகிற மாதிரி எழும்பியது.

பிறகு ஒகுனோயின், கூகாயின் சமாதி இருக்கும் இடம். கூகாய் 835இல் சாகவில்லை, தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்று நம்புகிறார்கள். இன்றும் தினமும் இரண்டு வேளை அவருக்கு உணவு எடுத்துப்போகிறார்கள். அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று இரண்டு லட்சத்துக்கு மேல் கல்லறைகளும் நினைவுக் கற்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. வானுயர்ந்த சுகி மரங்களுக்கு நடுவில் இரண்டு கிலோமீட்டர் பாதை. பிரபுக்களின் கல்லறை, கம்பெனிகளின் கல்லறை. பூச்சி மருந்து அடிப்பவர்களின் சங்கம் கரையான்களுக்கே ஒரு கல் நட்டிருக்கிறது: "கரையான்களே, நிம்மதியாக உறங்குங்கள்." தொழிலுக்காகக் கொன்றதற்கு மன்னிப்பு. அந்தக் கல்லுக்கு முன்னால் அம்மா செருப்பைக் கழற்றினாள்.

கடைசிப் பாலத்துக்கு முன்னால் ஓடையை ஒட்டி வரிசையாக வெண்கலச் சிலைகள். மிசுமுகே ஜிஸோ. இறந்துபோன சொந்தங்களை நினைத்து அகப்பையால் தண்ணீர் மொண்டு இந்தச் சிலைகள்மேல் ஊற்றுகிறார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த அம்மாள் ஊற்றிவிட்டு அகப்பையின் பிடியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. எள்ளும் தண்ணியும் இறைக்கிறது ஆம்பிளை காரியம் என்று மூன்று வருஷமாகப் பெரியப்பா மகன்தான் திதி கொடுக்கிறார். அம்மாவும் நானும் தாழ்வாரத்தில் நிற்போம். இங்கே யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மா அகப்பையை எடுத்து ஊற்றினாள். வாய்க்குள் அப்பாவின் பேரைச் சொன்னாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் வாயால் சொல்லாத பேர். பிறகு அகப்பையை என்னிடம் கொடுத்தாள். தண்ணீர் விரலைக் கடிக்கிற குளிர். நான் ஊற்றினேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் படம் எடுக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. உள்ளே ஆயிரக்கணக்கான விளக்குகள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

நவம்பர் 23, சனி: நாரா

பொது விடுமுறை, ஊர் முழுக்கக் குடும்பங்கள். மான்கள் தெருவில் ஆட்களோடு நடக்கின்றன. 200 யென்னுக்கு அரிசித்தவிட்டு பிஸ்கட் வாங்கினால் தலையைக் குனிந்து குனிந்து கேட்கும். அதைத் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது. அம்மாவின் முந்தானை நுனியை ஒன்று மென்றுவிட்டது.

தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்தபோது தூரிகையைப் பிடித்தவர் இந்தியாவிலிருந்து வந்த போதிசேனர் என்ற துறவி. 736இல் கடல் தாண்டி வந்தவர். அந்தத் தூரிகையில் நீளமான நூல்களைக் கட்டி, கூட்டத்தில் இருந்தவர்களெல்லாம் நூலைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லார் கையும் கண் திறந்த புண்ணியத்தில் சேரும்படி. இதைச் சொன்னதும் அம்மா புத்தரின் கண்ணை நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "அந்த ரயில்காரப் பையனுக்குக் கடுதாசி போட முடியுமா?"

மூலைக்கடையில் அஞ்சலட்டை கிடைத்தது. ஜப்பானுக்குள் அனுப்ப 85 யென், போன மாதம்தான் 63இலிருந்து ஏற்றியிருக்கிறார்கள். விடுதி நடத்தும் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அசாகுசா நிலைய முகவரியை எழுதினார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, கீழே நான்கு வரி ஜப்பானிய எழுத்தில் எழுதினார். மேல் பாதியை அம்மாவுக்கு விட்டார். அவள் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு நோட்டில் எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்தில் எழுதினாள்:

"தம்பிக்கு ஆசீர்வாதம். வாட்ச் ஓடுகிறது. நீங்கள் வாங்காத மிட்டாயை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்."

மிச்சமிருந்த கடைசிப் பாக்கெட்டை விடுதி அம்மாள் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பேரன் இருக்கிறான், கடலை ஒத்துக்கொள்ளும்.

தெருமுனையில் சிவப்புத் தபால் பெட்டி. அதில் இரண்டு வாய். இடது பக்கம் சாதாரணக் கடிதத்துக்கு, வலது மற்றவற்றுக்கு. அம்மா அட்டையை இடது பக்கம் போட்டாள். உள்ளே விழுந்த சத்தம் கேட்டதா என்று என்னைக் கேட்டாள். கேட்டது என்றேன். பிறகு கையைத் திருப்பி மணி பார்த்தாள்.